கோப முகமும் ஜாய்ஸ்டிக்கும்: பதின்வயது மூளையில் டெஸ்டோஸ்டிரோன்

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 14 வயதுப் பிள்ளைகள் 49 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, கையில் ஜாய்ஸ்டிக் கொடுத்தார்கள். திரையில் சிரித்த முகமோ கோப முகமோ வரும். சிரித்ததைத் தன் பக்கம் இழுப்பதும் கோபத்தைத் தள்ளிவிடுவதும் தானாகவே வரும். அதை மாற்றிச் செய்யச் சொன்னால் கை தயங்கும், தவறும் கூடும். இயல்பான தூண்டுதலை அந்த நேரத்தில் அடக்குவது மூளையின் எந்தப் பகுதி?

2016இல் வெளியான விடை, ஹார்மோன் ஏறினால் புத்தி மட்டுப்படும் என்ற நம் எண்ணத்துக்கு நேர் எதிரானது. 'ஆண் ஹார்மோன்' எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி அதிகம் வேலை செய்தது. குறைவாக இருந்தவர்களோ மூளையின் ஆழத்தில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவையும், புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸின் பின்பகுதியான புல்வினாரையும் நம்பியிருந்தார்கள். எல்லோரும் ஒரே வயது என்பதால், இந்த வேறுபாட்டை வயதின் கணக்கில் எழுத முடியாது. வளர்ந்த ஆண்களில் நிலைமை வேறு: டெஸ்டோஸ்டிரோன் கூடினால் முன்மூளைக்கும் அமிக்டலாவுக்கும் உள்ள இணைப்பு தளர்கிறது. ஒரே ஹார்மோன்தான், அது வந்து சேரும் மூளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

மூளையின் அடியில் ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸில், கிஸ்பெப்டின் என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் விழித்துக்கொள்வதில் பருவமடைதல் தொடங்குகிறது. அவற்றின் தூண்டுதலால் அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி, முதலில் தூக்கத்தின்போது மட்டும், விட்டுவிட்டு ஹார்மோனை வெளியிடும். விரைகளும் சூலகங்களும் பாலின ஹார்மோன்களைச் சுரந்து அதற்குப் பதில் தருகின்றன. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் மூளைக்குள் எளிதில் புகுந்து, நரம்பணுவுக்குள் அதைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. அமிக்டலாவில் இந்த ஏற்பிகள் ஏராளம். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை அரோமடேஸ் என்ற நொதி அங்கேயே 'பெண் ஹார்மோன்' எனப்படும் ஈஸ்ட்ராடையாலாக மாற்றிவிடுகிறது. எனவே 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்ற பிரிவினை மூளைக்குள் அவ்வளவாக எடுபடாது.

இன்னொரு பாலின ஹார்மோனான புரொஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், பொதுவாக நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகள் வழியே பதற்றத்தைத் தணிக்கும். ஆனால் பருவமடையும் பெண் எலிகளின் மூளையில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸில் ஒரு தனிவகை காபா ஏற்பி பெருகுகிறது. அதன் மேல் இதே பொருள் வேலை செய்யும்போது பதற்றம் கூடுகிறது என்று 2007இல் கண்டார்கள். இது எலியில் கண்டது. அதை அப்படியே வீட்டிலுள்ள பெண் பிள்ளைக்குப் பொருத்துவது அவசரம்.

இத்துறையில் முடிவுகள் முரண்படுவதற்குப் பாதிக் காரணம், ஹார்மோனை அளக்க எடுக்கும் எச்சில் மாதிரி என்பேன். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும். ஒருவரிடம் எட்டு மணிக்கும் இன்னொருவரிடம் நான்கு மணிக்கும் எடுத்தால் ஒப்பீடே கெட்டது. பல் தேய்த்த உடனே எடுத்தால், ஈறிலிருந்து கசியும் துளி இரத்தமே அளவை ஏற்றிக் காட்டும். பெண் பிள்ளைகளிடம் அளவு மிகக் குறைவு என்பதால் ஹார்மோனை எதிர்ப்பொருளில் ஒட்டவைத்து அளக்கும் வழக்கமான சோதனை தடுமாறும். அங்கே மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறை நிறமாலைமானிதான் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) நம்பகமானது. மாதவிடாய் தொடங்கியவர்களுக்குச் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்தாக வேண்டும்.