மணலுக்கு வேலி

பால்டிக் கடலோரத்தில் லிதுவேனியாவும் ரஷ்யாவும் பங்குபோட்டுக்கொள்ளும் குரோனிய மணல்திட்டு 98 கிலோமீட்டர் நீளம். ஒருபுறம் கடல், மறுபுறம் காயல். சில இடங்களில் அகலம் அரை கிலோமீட்டர்கூட இல்லை.

இவ்வளவு மணலும் தெற்கே ரஷ்யாவில் உள்ள சாம்பியா (Sambia) தீபகற்பப் பக்கமிருந்து வந்தது. அங்கே அலை கரையை அரிக்கிறது. அலை சாய்வாக ஏறும். தண்ணீர் திரும்பும்போது சரிவில் நேராக இறங்கும். அதனால் ஒவ்வொரு அலையிலும் மணல் கொஞ்சம் வடக்கே தள்ளிப்போகிறது. கரை உள்வாங்கும் இடத்தில் மணல் அதனுடன் வளையாமல் நேரே போய்ப் படிகிறது. பனியாறுகள் விட்டுச்சென்ற மேடுகள் நடுநடுவே பிடிமானம் தந்தன. வடக்கே கிளைப்பேடா நகரருகே மட்டும் காயலின் வாய் மூடவில்லை. நெமுனாஸ் ஆறு காயலில் கொட்டும் தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே!

சரி, கட்டியது கடல். கெடுத்தது மனிதன். காட்டை வெட்டியதும் காற்று மணலைக் கிளப்பியது. கார்வைச்சை என்ற ஊர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணலுக்குள் போயிற்று. மணலை நிறுத்த வழி கேட்டு டான்சிக் (இன்று போலந்தின் கதான்ஸ்க்) நகர அறிவியல் சங்கம் போட்டியே வைத்தது. 1768இல் பரிசு வாங்கியவர் ஜெர்மன் அறிஞர் டீட்டியஸ். கோள்களின் தூரக் கணக்குக்குப் பேர்போன அதே ஆள்தான்.

கடலரிப்பு என்றாலே கல்லைக் கொட்டத்தான் பலருக்கும் தோன்றும். இங்கே நட்டது சுள்ளிவேலி. இடைவெளி உள்ள வேலி காற்றைத் தடுக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். வேகம் குறைந்தால் மணல் அங்கேயே விழும். வேலி புதைந்ததும் அதன்மேல் இன்னொன்று. அப்புறம் மணற்புல். மணல் மூட மூட மேலே தளிர்த்து, புதிய வேரும் விடும் விசித்திரப் புல் அது. இப்படி 19ஆம் நூற்றாண்டில் கடலை ஒட்டி ஒரு மணல்மேட்டுத் தொடரையே எழுப்பினார்கள். உள்ளே பைன் மரங்கள் நட்டார்கள்.

கற்சுவர் மோதும் அலையைத் திருப்பியடிக்கும், அடிமணல் பறிபோகும். மணல்மேடு அப்படியல்ல. புயலில் தன் மணலையே கொஞ்சம் கடலுக்குக் கொடுக்கும். அது ஆழமில்லாத இடத்தில் திட்டாகப் படிந்து, அடுத்த அலைகளைத் தூரத்திலேயே உடைக்கும். புயல் ஓய்ந்தபின் பெரும்பகுதி கரைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் காடு வளர்ந்தபின் உட்பக்கத்து வெற்று மணல்மேடுகளுக்குப் புதுமணல் வருவது நின்றுவிட்டது. இருப்பதையும் காற்று காயலுக்குள் தள்ளுகிறது; ஏறுபவர்களின் காலடியில் சரிவது தனி. அதனால்தான் நீடா ஊரருகே பார்னிடிஸ் மேட்டில் பாதையை விட்டு இறங்கி நடக்கத் தடை.