"எங்கிட்ட என்னங்க இருக்குது திருட?"

இந்த வருசத்தில் இது நாலாவது கேஸ். பள்ளிபாளையத்திலிருந்து ஆத்துப் பாலம் தாண்டி வந்த அந்தம்மா தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர். மஞ்சப்பைக்குள், ரேஷன் கார்டுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். ஜிஎஸ்டி நோட்டீஸ். அவர் பெயரில் டெல்லியில் பழைய இரும்பு வியாபாரம் நடக்கிறதாம். வரி பாக்கி ஒரு கோடிச் சொச்சம். வந்து மூணு வாரம் ஆகியிருந்தது. "இங்கிலீசுல இருந்துச்சுங்க ஆடிட்டர் சார், பேங்க்ல அனுப்புனதாக்கும்னு எடுத்து வெச்சுட்டனுங்க."

(நான் ஆடிட்டர் இல்லை, வெறும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர், ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறவன். ஈரோட்டில் அந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.)

கேட்டால் பழைய கதைதான். லைன் வீட்டுக்கு ஒருத்தன் வந்திருக்கிறான். லோன் வாங்கித் தருவதாக ஆதார், பான், ஃபோட்டோ வாங்கிக்கொண்டு, போனில் வந்த ஓடிபியையும் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறான். லோனும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

"ஏனுங்க்கா குடுத்தீங்க?" என்றேன்.

"எங்கிட்ட என்னங்க இருக்குது திருட? அக்கவுண்ட்ல முந்நூறு ரூவா கெடக்குது."

நாலு பேரும் இதையேதான் சொன்னார்கள். அம்மணிகளே, அய்யாக்களே, அவன் உங்கள் முந்நூறு ரூபாய்க்காக வரவே இல்லை. திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் ஒருவரின் பான் எண்ணில் போலி கம்பெனி திறந்தால், அவருடைய அக்கவுண்டன்ட் வருமான வரித் தளத்தில், அந்த பான் எண்ணில் நடந்த வரவுசெலவைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். உங்களுக்கு அக்கவுண்டன்ட் கிடையாது. ரிட்டர்ன் போட்டதில்லை, ஈமெயில் பார்ப்பதில்லை, பேரில் எந்த வில்லங்கமும் இல்லை. அவன் தேடி அலைகிற ஆளே நீங்கள்தான். வருசக்கணக்கில் உங்கள் பெயரில் பில் போட்டுக்கொண்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. அந்த பில்லை வைத்து அவன் என்ன செய்கிறான் என்பது எங்கள் தலைவலி, விடுங்கள்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. லாகின் தேவையில்லை, காசும் இல்லை. உங்கள் பான் எண்ணில் ஏதாவது பதிவு இருந்தால் 15 இலக்க எண் வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 நம்மூர், 07 டெல்லி, 29 கர்நாடகா. கடையே வைக்காதவருக்கு எது வந்தாலும் தப்புதான். அங்கேயே புகாரும் பதியலாம்.

ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே, எழுத்தின் மேலேயே, எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை எங்கே ஒத்துக்கொள்கிறார்களோ அங்கே அதையே கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் ஆதாரை டவுன்லோடு செய்தால், எழுந்து வருமுன் அழிக்கச் சொல்லுங்கள்; ஒரு கடையின் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேரின் ஆதார் வரிசையாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸும் யோக்கியமில்லை. போன வருசம் பழைய பேப்பர்காரருக்குப் போட இருந்த மூட்டையில் கிளையண்ட்களின் பான் ஜெராக்ஸ் இருந்தது. நல்லவேளை, கிழித்துப் போட்டோம்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று கணக்கு வைக்க, சிபிலையும் சேர்த்து நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருசத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். வாங்காத கடன் இருந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதிப் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

மாட்டிக்கொண்டால்? பணம் போயிருந்தால் அந்த நிமிசமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பெயர் மட்டும் போயிருந்தாலும் சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூணு வருசம் வரை சிறை உண்டு. அந்தப் புகார் ரசீது இல்லாமல் வந்தால் நானும் வெறுங்கையோடுதான் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும்.

நோட்டீஸை மட்டும் மடித்து வைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பதில் போகாவிட்டால் ஒருதலையாக உத்தரவு வந்துவிடும். அதற்கப்புறம் அப்பீலுக்குப் போனால், கேட்கிற வரியில் 10 சதவீதத்தை முதலில் கட்டச் சொல்வார்கள். ஒரு கோடிக்குப் பத்து லட்சம். தறி ஓட்டுகிறவர் எங்கே போவார்?

அந்தம்மாவுக்கு நல்ல காலம், கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பதில் தயாராகிவிட்டது. கையெழுத்துப் போட நாளைக்கு வரச் சொன்னேன். லீவு போட்டால் கூலி போய்விடும், ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டு மணிக்கு வருகிறேன் என்றார். ஆபீஸைத் திறந்து வைத்திருக்கிறேன்.