செத்த ரீஜியன் பரவாயில்லை, பேசாத ரீஜியன்தான் ஆபத்து

பெங்களூரு பெல்லந்தூரில் ஆபீஸ், இரவு பத்தரை மணி. கேப் புக் பண்ணிவிட்டு வாசலில் நின்றவனை எங்கள் டீமின் திருநெல்வேலித் தம்பி போனில் பிடித்தான்: "அண்ணே, டேஷ்போர்டு பூரா பச்சையாத்தான் இருக்கு, ஆனா ஒரு ஆர்டர்கூட நகரலையே." எர்ரர் என்று எதுவும் இல்லை. ஒரு ரீஜியனில் (கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர்கள் இருக்கும் ஒரு வட்டாரம்) இருந்த டேட்டாபேஸ் கோரிக்கைகளை வாங்கிக்கொண்டது, அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். எங்கள் புரோகிராமின் த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) அத்தனையும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்து ரீஜியனில் அதே டேட்டாவின் நகல் சும்மா உட்கார்ந்திருந்தது.

தப்பு எங்கள் மேல்தான். டேட்டாபேஸோடு பேசும் கிளையன்ட் லைப்ரரியின் டீஃபால்ட்டை, அதாவது நாம் எதுவும் மாற்றாவிட்டால் இருக்கும் அமைப்பை, யாருமே திறந்து பார்க்கவில்லை.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸோடு பேசும் பைதான் லைப்ரரி போட்டோ3-ஐயே (boto3) எடுங்கள். கனெக்ட் டைம்அவுட் (இணைப்புக்காகக் காத்திருக்கும் வரம்பு) 60 வினாடி, ரீட் டைம்அவுட்டும் (பதிலுக்காகக் காத்திருக்கும் வரம்பு) 60 வினாடி. பழைய லெகசி ரீட்ரை (மறுமுயற்சி) முறையில் பொதுவாக மொத்தம் 5 முயற்சி. ஒவ்வொன்றும் பதிலில்லாமல் முடிந்தால் ஒரே அழைப்புக்கு ஐந்து நிமிடம், அதற்குள் வாடிக்கையாளர் ஆப்பை மூடிவிட்டுத் தூங்கியிருப்பார். மும்பையில் பதில் வரவில்லையே, ஹைதராபாத்துக்குப் போவோம் என்று அது தானாக நினைக்காது. அந்த ரீஜியனுக்குத் தனி கிளையன்ட் வைத்து, எப்போது மாறுவது என்பதை நாம்தான் எழுத வேண்டும். நாங்கள் இப்போது கனெக்டுக்கு 1 வினாடி, ரீடுக்கு 2, மொத்தம் 2 முயற்சி என்று வைத்திருக்கிறோம். உங்கள் குவெரி கனமானது என்றால் இதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுட் டேட்டாபேஸான அஜூர் காஸ்மாஸ் டிபியில் வேலை கொஞ்சம் குறைவு. விருப்ப ரீஜியன்களை வரிசையாகக் கொடுக்கலாம், மத்திய இந்தியா (புனே) முதலில், தென்னிந்தியா (சென்னை) அடுத்து என்று. குறிப்பிட்ட ரீஜியனை விலக்கு என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சொல்லலாம். இதைவிட எனக்குப் பிடித்தது ஹெட்ஜிங்: 500 மில்லிவினாடி வரை பதில் இல்லையென்றால் அதே ரீடை அடுத்த ரீஜியனுக்கும் அனுப்பி, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்வது. கூடுதல் கோரிக்கைக்குக் கூடுதல் காசு, அது தெரிந்துதான் வைக்க வேண்டும்.

ஆனால் ரைட்டுக்கு (டேட்டாவை எழுதும் கோரிக்கைக்கு) இந்தத் தாராளம் கூடாது. டைம்அவுட் ஆனது என்றால் எழுதவில்லை என்று அர்த்தமில்லை, பதில் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆர்டருக்கு ஒரு தனி எண் கொடுத்து, இரண்டாவது முறை வந்தால் ஒதுக்கிவிடும்படி செய்யாமல் ரீட்ரை போட்டால், ஒருவரிடமே இரண்டு தடவை பணம் பிடிப்பீர்கள்.

சரி, இத்தனை நாள் டெஸ்டில் இது ஏன் மாட்டவில்லை? நாங்கள் லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ரிஜெக்ட் போட்டுச் சோதித்தோம். ரிஜெக்ட் உடனே 'முடியாது' என்று சொல்லிவிடும், கோடும் அழகாக அடுத்த ரீஜியனுக்குத் தாவும். மறுநாள் அந்தத் தம்பி ஒரே ஒரு வார்த்தையை மாற்றி டிராப் என்று போட்டான், அது பதிலே சொல்லாமல் விழுங்கிவிடும். ஸ்டேஜிங் (சோதனைக்கான நகல் அமைப்பு) மொத்தமும் அப்படியே உறைந்து நின்றது.