கான், ககான்: கபூலின் பட்டமும் அதற்கான தமிழும்

தமிழில் கான் என்றால் காடு. அந்தக் கானுக்கும் செங்கிஸ் கானின் கானுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் பக்கம் இதைக் குடும்பப்பெயராகவே கேட்டுப் பழகிவிட்டதால், முஸ்லிம் பெயர் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இஸ்லாத்துக்கு முந்திய, ஆசியப் புல்வெளி நாடோடிகளின் பட்டம் இது. இன்றைய மங்கோலியாவை ஆண்ட ரௌரான் என்ற நாடோடி மக்களின் தலைவன் ஷெலுன், 402இலேயே ககான் என்று, கானுக்கும் மேலான பட்டத்தைச் சூடிக்கொண்டான். 8ஆம் நூற்றாண்டுத் துருக்கியரின் ஓர்கோன் கல்வெட்டுகளில் ககான், கான் இரண்டுமே வருகின்றன. ககான் தேய்ந்து கான் ஆனதா, இரண்டுக்கும் வேர் வேறா என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

மங்கோலியருக்குள் இந்தப் பட்டத்தோடு முதலில் தலையெடுத்தவர் கபூல், செங்கிஸ் கானின் கொள்ளுத்தாத்தா. காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதி. கபூலின் கொள்ளுத்தாத்தா காய்து (கைது என்று எழுதினால் போலீஸ் வந்து நிற்கும்). வட சீனாவை ஆண்ட ஜின் பேரரசரின் விருந்துக்குப் போன கபூல், நஞ்சு வைத்திருப்பார்களோ என்ற பயத்தில் அடிக்கடி வெளியே போய், தின்றதைக் கக்கிவிட்டு வந்து மறுபடி தின்றாராம். போதை ஏறியதும் பேரரசரின் தாடியையே பிடித்து இழுத்துவிட்டார். பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் சொல்லும் கதை இது. முழுவதும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கானை அவருடைய ஆட்கள் எப்படிப்பட்டவராக நினைத்துப் பெருமைப்பட்டார்கள் என்பது இதில் தெரிகிறது.

கபூலுக்கு ஏழு மகன்கள். இருந்தும் அடுத்த கானாக அவர் சொன்னது பங்காளி வழியில் வந்த அம்பகாயை. மங்கோலியரின் பகைக் குடியான தாத்தாரியர் அம்பகாயைப் பிடித்து ஜின் அரசிடம் ஒப்படைக்க, அங்கே கொல்லப்பட்டார். ‘பத்து விரலும் தேயும்வரை பழிவாங்குங்கள்’ என்று சொல்லியனுப்பியதாக, மங்கோலியர் தாங்களே எழுதிவைத்த பழைய வரலாற்று நூலான ‘மங்கோலியரின் மறைவரலாறு’ கூறுகிறது. பிறகு கபூலின் மகன் குதுலாவைக் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் மரத்தைச் சுற்றி ஆடிய ஆட்டத்தில் தரை குழிவிழுந்து, புழுதி முழங்காலளவு சேர்ந்ததாம். இன்னொரு மகன் பர்தான். அவர் மகன் எசுகெய், எசுகெய் மகன் தெமுஜின். தெமுஜின்தான் 1206இல் செங்கிஸ் கான் ஆனது.

ஆக, அந்தக் காலத்துக் கான் என்பவர் தந்தைக்குப் பின் மகன் என்று தானாக வந்து உட்கார்ந்தவரல்லர். குடிகள் கூடி ஏற்ற தலைவர். ‘பேரரசர்’ என்று மொழிபெயர்த்தால் கபூலுக்குச் சட்டை பெரிதாகிவிடும். மறைவரலாறு கபூலை ககான் என்றே எழுதுகிறது. அது பிற்காலத்தார் சூட்டிய பெருமை. செங்கிஸின் காலத்திலேயே வெட்டிய கல்வெட்டுகூடச் செங்கிஸைக் கான் என்றுதான் சொல்கிறது. ககான் நிலைபெற்றது செங்கிஸின் மகன் ஒகதாய் காலத்தில். எனவே ககானுக்குப் பேரரசர் அல்லது வேந்தர், கானுக்குக் கோன்.

கோன் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். அரசன், ஆயன் இரண்டையும் அது குறிக்கும். ஆடும் குதிரையும் மேய்த்த மக்களின் தலைவனுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் கோன்தான் கான் ஆனது என்று கிளம்பிவிடக் கூடாது. ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. கோனாரை நினைவூட்டும் என்று தயங்குபவர்கள் ‘குடித்தலைவர்’ என்று எழுதலாம்.

பர்தானுக்கும் எசுகெய்க்கும் பட்டம் வேறு: பாத்தர், அதாவது வீரன். இதன் பழைய வடிவம் பாரசீகத்தில் பகாதுர் ஆகி, முகலாயர் வழியாக நம்மிடம் பகதூர் என்று வந்து சேர்ந்தது. ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் அதன் வாரிசுகள். வெள்ளைக்காரர்கள் முஸ்லிம் பிரமுகர்களுக்குக் கொடுத்த ‘கான் பகதூர்’ பட்டத்தில் இரண்டு சொற்களுமே புல்வெளிச் சரக்கு.