மொழிப் பழக்கமா, கற்றல் குறைபாடா?

கேரளத்தின் சித்தூர் வட்டத்திலும் மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் நிறைய. வாசிப்பில் பின்தங்கினால், "தமிழ்ப் பிள்ளைதானே, போகப்போகச் சரியாகிவிடும்" என்பார்கள். பலருக்குச் சரியாகும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தானாகச் சரியாகாது. காத்திருந்தே மூன்று நான்கு வகுப்புகள் போய்விடும்.

பிழைகளைக் கவனியுங்கள். நமக்கு ஒரே 'க'. மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்துகள். அவற்றை மாற்றி எழுதுவது பெரும்பாலும் மொழிப் பழக்கம்தான். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக வாசிப்பதும், நன்றாகப் பேசும் பிள்ளை இரண்டு வரி எழுதத் திணறுவதும் வேறு. தமிழ் எழுத்தே படிக்காத பிள்ளையைத் தமிழில் வாசிக்கச் சொல்லாதீர்கள். வாயால் கேளுங்கள்: "'படம்' என்பதில் 'ப'வை எடுத்தால் மீதி என்ன?" "'கல்'லுக்கு ஒத்து ஒலிக்கும் சொல் எது?" ஏழெட்டு வயதிலும் தாய்மொழியில் இதற்குத் தொடர்ந்து தடுமாறினால் மதிப்பீடு தேவை.

முதலில் கண், காது பரிசோதனை. பிறகு தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம். நகல் உங்களிடம் இருக்கட்டும். பி.ஆர்.சி. எனும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். மருத்துவ உளவியலாளரிடம் போகும்போது பழைய நோட்டுகளைக் கொண்டுபோங்கள். வீட்டு மொழி எது, மலையாளம் எந்த வகுப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரியாத மொழியில் நுண்ணறிவுச் சோதனை நடந்தால் மதிப்பெண் குறையும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைவு என்ற முத்திரை விழுந்துவிடும். இதுதான் மிகப் பெரிய அநியாயம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. அதற்கான சான்றிதழுக்கு 8 வயது நிறைந்திருக்க வேண்டும். வகுப்பறை உதவிக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை: கேள்வியை வாசித்துக் காட்டலாம், பதிலை வாயால் கேட்கலாம். ஒரே சொல்லைப் பலமுறை எழுதவைக்கும் இம்போசிஷனை இன்றே நிறுத்தலாம். தப்பாகவே ஐம்பது முறை எழுதினால் தப்புதான் கையில் படியும்.

பொதுத்தேர்வில் பிள்ளை சொல்வதை எழுதுபவரும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். பல மாதங்கள் முன்பே பயிற்சி கொடுங்கள், தேர்வன்று தொடங்கினால் பிள்ளை வாயடைத்து நிற்கும். பத்தாம் வகுப்பு முடித்துப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகிறவர்களுக்கு யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அங்கும் செல்லும். தேர்வுச் சலுகைக்கு மட்டும் புதிய பள்ளி வழியாக மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை நாளிலேயே மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.