ஹவாலா: சொல்லும் பொருளும்

ஹவாலா அரபிச் சொல். மாறுதல், மாற்றிவிடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஒருவருடைய கடனை இன்னொருவர் பொறுப்புக்கு மாற்றிவிடுவதை இஸ்லாமிய வணிகச் சட்டம் இந்தப் பெயரால் குறிக்கிறது. பாரசீகம், உருது வழியாக வந்தபோது ‘ஒப்படைப்பு, பொறுப்பு’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ‘பொறுப்பை ஏற்றவர்’ என்ற பொருளில் ‘தார்’ விகுதி சேர்ந்து உருவானதுதான் ஹவில்தார். நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில் உள்ள எம்.ஆர்.சி. என்ற மெட்ராஸ் ரெஜிமென்ட் ராணுவ மையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஹவில்தார்களுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. கைதுச் செய்திகளில் அடிபடும் ஹவாலாவும் அந்தப் பதவிப் பெயரும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை.

வங்கியைத் தொடாமல் பணம் அனுப்பும் ஹவாலாவின் நடைமுறை இப்படி. துபாயில் கட்டட வேலை பார்க்கும் கூடலூர்ப் பையன் ஒருவன் வீட்டுக்கு இருபதாயிரம் ரூபாய் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள ஏஜென்ட்டிடம் திர்ஹாமைக் கொடுக்கிறான். ஏஜென்ட் இங்குள்ள கூட்டாளிக்குத் தகவல் சொல்கிறார். அடையாளத்துக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டின் வரிசை எண் போதும். அந்த நோட்டைக் கொண்டுவருபவரிடம் இங்குள்ளவர் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுவார். கொடுத்த திர்ஹாம் துபாயிலேயே இருக்கிறது, கொடுபட்ட ரூபாய் இங்கேயே இருந்தது. எல்லை தாண்டியது செய்தி மட்டும்தான். இரு ஏஜென்ட்களுக்கும் இடையிலான பாக்கியை அப்புறம் எதிர்த்திசையில் பணம் அனுப்புகிறவர்களை வைத்தும், தங்கத்தை வைத்தும், இறக்குமதி பில்லில் விலையைக் கூட்டியோ குறைத்தோ எழுதியும் நேர்செய்துகொள்வார்கள். கூடலூரை அடுத்த நாடுகாணியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மலையாளத்தில் இதற்குக் ‘குழல்பணம்’ என்று பெயர்.

வங்கிப் பதிவு இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை. பயங்கரவாத அமைப்புகளுக்கு இந்த வழி பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குத் துப்பாக்கி ஏந்தும் ஆள் மட்டும் போதாது. நன்கொடை என்று வசூலிப்பவர், பணத்தைக் கொண்டுசேர்ப்பவர், வங்கிக் கணக்கை இரவல் தருபவர் என்று பலர் தேவை. “உன் கணக்கில் ஒரு தொகை வரும், எடுத்துக் கொடு, கமிஷன் உனக்கு” என்ற பேச்சில்தான் பல நேரம் ஆள்சேர்ப்பு தொடங்குகிறது. வேலை தேடி மலையிறங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் ஹவாலா என்றாலே பயங்கரவாதப் பணம் என்று எழுதுவது தவறு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு முதல் ஐந்து லட்சம் டாலர் வரை செலவானதாக அமெரிக்க விசாரணை ஆணையம் கணித்தது. விமானங்களைக் கடத்தியவர்களுக்கு அமெரிக்காவில் பணம் கிடைத்தது பெரும்பாலும் சாதாரண வங்கிப் பரிமாற்றம் மூலம். அதே ஆண்டு நவம்பரில் சோமாலியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்திய அல் பரகாத் நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. அது பயங்கரவாதத்துக்கு நிதி கொடுத்ததாகச் சொன்ன குற்றச்சாட்டுக்கு ஆணையத்தின் ஆய்வாளர்களுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. முடக்கத்தால் அடிபட்டவை அந்தப் பணத்தை நம்பியிருந்த குடும்பங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். ‘உண்டியல்’ இருக்கிறது. வடநாட்டு வணிகர்களின் ‘ஹுண்டி’யோடு உறவுள்ள சொல் இது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார் பணமாற்றுச் சீட்டை உண்டியல் என்றே சொன்னார்கள். இன்றும் இலங்கைத் தமிழில் ‘உண்டியலில் காசு அனுப்பினார்’ என்றால் ஹவாலாவில் அனுப்பினார் என்றுதான் பொருள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக டேன்டீ என்ற தமிழக அரசு நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்கள் உருவான நீலகிரியில் இந்தச் சொல்லை அந்நியம் என்று ஒதுக்க முடியாது. கோயில் உண்டியலோடு குழம்பும் என்பவர்கள் ‘உண்டியல் பரிமாற்றம்’ என்று எழுதலாம். ‘கைமாற்று’ பொருந்தாது. அது அவசரத்துக்குத் தெரிந்தவரிடம் வாங்கும் சின்னக் கடன். ‘சட்டவிரோதப் பணம்’ என்பதும் சரியில்லை. துபாயில் உழைத்துச் சம்பாதித்த கூலி சட்டவிரோதப் பணமாகாது. அனுப்பிய வழிதான் சட்டத்துக்குப் புறம்பானது.

பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டுவதற்குப் ‘பயங்கரவாத நிதியளிப்பு’ என்ற தனிப்பெயர் வேண்டும். சட்டமும் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. அனுமதியில்லாத உண்டியல் பரிமாற்றம் 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வரும். அபராதம் அந்தத் தொகையைப்போல் மூன்று மடங்குவரை போகலாம். பயங்கரவாதச் செயலுக்குப் போகும் என்று தெரிந்தே நிதி திரட்டினால் உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் குறைந்தது 5 ஆண்டு, கூடினால் ஆயுள் சிறை. இரண்டுக்கும் ‘ஹவாலா வழக்கு’ என்று ஒரே தலைப்பைப் போட்டால், வீட்டுக்குக் காசு அனுப்பிய மேஸ்திரியின் மேலும் பயங்கரவாதி என்ற முத்திரை விழுந்துவிடுகிறது.