லீவர் பஞ்சாக அமுங்கினால் மலை இறங்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் மவுண்டன் பைக்கைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். "அண்ணா, பின் பிரேக்க முதல் தடவை பிடிச்சா உள்ள போயிடுது, ரெண்டு மூணு தடவை அடிச்சா கெட்டியாயிடுது, பெரிய பிரச்சனை இல்ல, ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். லீவரைப் பிடித்தேன், ஹேண்டில் பாரில் போய் இடித்தது. இதோடுதான் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கி வந்திருக்கிறார், 30 கிலோமீட்டருக்கு மேல், வளைவுக்கு வளைவு பம்ப் அடித்துக்கொண்டே.

கோவையில் சைக்கிள் சர்வீஸ் செய்யும் எனக்கு இது வாரத்துக்கு ஒன்றாவது வரும் கேஸ். வருகிறவர்கள் எல்லோரும் அதே வரியைத்தான் சொல்கிறார்கள்: அடித்தால் கெட்டியாகிறது. பயப்பட வேண்டியதே அந்த அறிகுறியைப் பார்த்துத்தான். ஹைட்ராலிக் பிரேக்கில் லீவரை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆயில் ஹோஸ் என்ற குழாய் வழியாகப் போய், சக்கரத்துப் பக்கத்தில் இருக்கும் காலிப்பர் என்ற கவ்வியில் உள்ள பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேட் என்ற உராய்வுக் கட்டையைச் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்தும், அவ்வளவுதான் வேலை. ஆயில் அழுத்தத்தில் சுருங்காது. காற்று சுருங்கும். நடுவில் ஒரு குமிழ் இருந்தால் உங்கள் விரல் கொடுக்கும் பலத்தை முதலில் அந்தக் குமிழ்தான் வாங்கிக்கொள்ளும், மிச்சம்தான் பேடுக்குப் போகும். வேகமாக அடிக்கும்போது லீவரோடு சேர்ந்த சின்ன ஆயில் தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கூடுதலாக உள்ளே போய்க் குமிழை நெருக்குகிறது, அதனால் கெட்டியானது போலத் தெரிகிறது. அப்படியே விட்டுவிட்டு அரை நிமிடம் கழித்துப் பிடித்துப் பாருங்கள், பழையபடி உள்ளே போகும். அவசரத்தில் உங்களுக்குக் கிடைக்கப் போவது அந்த முதல் பிடி மட்டும்தான்.

காற்று எப்படி நுழைகிறது என்று பலர் கேட்பார்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்பத் தொட்டியில் ஆயில் இறங்கும். தொட்டியில் ஏற்கெனவே சிறிது காற்று இருந்து, பங்க்சர் ஒட்டவோ காரில் ஏற்றவோ சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், மேலே இருந்த காற்று ஹோஸுக்குள் போய்விடும். அப்படிக் கவிழ்த்த பிறகு ஏறி உட்காரும் முன் இரண்டு லீவரையும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், தயவுசெய்து. ஹோஸ் இணைப்பிலோ காலிப்பர் அடியிலோ ஈரமாக இருந்தால் அது கசிவு. அதைச் சரிசெய்யாமல் காற்று எடுத்துப் பயனில்லை.

இதையெல்லாம் விட எனக்கு மனசு பதறுவது ஆயில் விஷயத்தில். ஒருவர் வேறொரு கடையில் ஷிமானோ பிரேக்குக்கு மோட்டார் பைக் பிரேக் ஆயிலை ஊற்றி வாங்கி வந்திருந்தார். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். மோட்டார் பைக் ஸ்பேர் கடையில் கிடைப்பது டாட் (DOT) என்ற வேறு வகை பிரேக் ஆயில். மினரலுக்கென்று செய்த ரப்பர் சீல் டாட் பட்டால் ஊறி உப்பிவிடும், பிஸ்டன் போனது திரும்பாது. அவருக்குக் கழுவிப் பார்த்தும் தேறவில்லை, லீவர், ஹோஸ், காலிப்பர் என்று முன்னும் பின்னும் மொத்தமாக மாற்றினோம். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலும் டாட், ஆனால் 2022இல் வந்த டிபி8 மாடல் மினரல். அதனால் கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், லீவரின் தொட்டி மூடியில் எந்த ஆயில் என்று அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். டாட் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்து ஆவியானால் லீவர் திடீரென்று வெறுமையாகிவிடும். பாதி தீர்ந்த பழைய பாட்டிலை எடுத்து ஊற்ற வேண்டாம்.

லீவர் மெத்தென்று இருப்பதற்கெல்லாம் காற்றே காரணம் என்றும் இல்லை. காலிப்பர் கோணலாக உட்கார்ந்திருந்தால் பேட் டிஸ்க்கை வளைத்துவிட்டுத்தான் பிடிக்கும், கைக்கு அதுவும் பஞ்சு மாதிரியே தெரியும். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றி இறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும். பேடையும் பாருங்கள், ஷிமானோவில் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

அந்தத் தம்பியின் சைக்கிளுக்கு வருவோம். சக்கரத்தையும் பேடையும் கழற்றி, பிஸ்டனை உள்ளே தள்ளி, நடுவில் பிளாஸ்டிக் கட்டையை வைத்தேன். பேடை அங்கேயே விட்டுவிட்டு வேலை செய்தால் ஒரு சொட்டு ஆயில் போதும், பேட் பாழ். லீவரைத் தரைக்குச் சமமாகத் திருப்பி மேலே புனலை மாட்டி, கீழே காலிப்பரில் சிரிஞ்சு வைத்து மெதுவாக ஆயிலை ஏற்றினேன். புது ஷிமானோ ஆயில் ரோஸ் கலந்த சிவப்பாக இருக்கும், மேலே முதலில் வந்தது கறுத்துப்போன டிக்காஷன் மாதிரி. அப்புறம் குமிழ்கள். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் ஹோஸை நெடுகத் தட்டிக்கொண்டே லீவரைச் சுண்டச் சுண்ட, கடுகு அளவில் ஒவ்வொன்றாக மேலே வந்தன, லீவரை முப்பது டிகிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்ததும் மூலையில் ஒளிந்திருந்த பெரிய குமிழ் ஒன்று வெளியே வந்தது. அவசரப்பட்டு மூடியிருந்தால் அது உள்ளேயே இருந்திருக்கும். குமிழ் நின்று, லீவர் பாதி வழியில் கல் மாதிரி நின்ற பிறகுதான் ஆயில் ததும்பும் நிலையில் மூடித் திருகினேன்.

இந்த வசதி இல்லாதவர்கள் சைக்கிளை நிமிர்த்தி வைத்து, லீவரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி இரவு முழுக்க விடலாம், சிறு குமிழ் தொட்டிக்கு ஏறிவிடும். ஆனால் அது கடைக்கு வந்து சேரும் வரைக்கும்தான், மலை ஏற அல்ல.

அவருடைய முன் பிரேக் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். அதையும் திறந்தேன், மூன்று குமிழ் வந்தது.